மரியாதைக்கு வந்த நோய்

குற்றவாளி யாரென்று கட்சிக்காரரே தீர்மானித்துவிட்டு, குற்றத்தை மட்டும் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் வழக்குகள் பதுளையில் அபூர்வம். அப்படி ஒன்று வந்து வாய்த்ததில் வீரய்யாவுக்கு ஏகக் குஷி. பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, மீதிப் பாதிக்குச் சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே பசறையிலிருந்து மயிலோடைத் தோட்டத்துக்கு ஏறினான்.

முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு ஷுக்ரி நானா நடந்தார். கறுப்புக் கோட்டு, சிவப்புத் துருக்கித் தொப்பி, எதையும் உடனே நம்பாத முகம். ஒரு காலத்தில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிகள் சொன்னதோடு நிற்காமல், அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கிலீஷில் எடுத்துவிட்டதால் வேலை போயிற்று. பிறகு சொல்லாமல் விட்டதைத் துப்பறிவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். வீரய்யா தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். ஒரு துரையிடம் குதிரைக்காரனாக இருந்து, குதிரைக்கும் சேர்த்து இவனே பேசுகிறான் என்று விரட்டப்பட்டவன். அவனைச் சேர்த்துக்கொள்ள நானா ஒருவருக்குத்தான் மனம் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு இல்லாததால் பெரிய கங்காணி அங்கமுத்து வெள்ளை வேட்டியும் சரிகைத் தலைப்பாகையுமாக வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. வழக்கும் கூடவே வந்தது.

விஷயம் இதுதான். விடியற்காலையில் கொம்பு ஊதி ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புகிறவன் இராசையா. அவன் கீழுதட்டில் ஒரு புண் வந்து, ஆறாமல் நிற்கிறது. துரையின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் காத்தானுக்கும் அதே இடத்தில் அதே புண். தோட்டத்து மருந்துக்காரர் இரண்டு உதடுகளையும் பார்த்துவிட்டு, இது மேகப்புண் என்று சொல்லிவிட்டார். மேகப்புண் பெண்பிள்ளையிடமிருந்துதான் வரும் என்பது கங்காணிக்கு மருந்துக்காரர் சொல்லாமலே தெரியும். காத்தானோ கல்யாணம் ஆகாதவன், லயத்தில் இராசையாவுக்கு அடுத்த காம்பராவில், சுவர் ஒட்டிய அறையில் இருக்கிறவன். இரண்டு வாய்க்கும் நடுவில் இருக்கிற ஒரே பெண் இராசையாவின் பெண்டாட்டி ரெங்கம்மா. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கங்காணியே ஒரு நிமிஷம் நின்று ரசித்தார்.

சாயங்காலம் இதே வாசலில் ஊர் கூடப்போகிறது. ரெங்கம்மாவைத் துண்டு கொடுக்காமல் விரட்டுவது என்று முடிவு. தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் கையில் அந்தத் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் வேறு எந்தத் தோட்டமும் உள்ளே விடாது. அவள் அப்புத்தளையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்க் கிடக்க வேண்டியதுதான். பால் குடிக்கிற பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. கெட்டவளிடம் பிள்ளை வளரக் கூடாது, அது தகப்பனோடு நிற்கட்டும் என்றும் தீர்மானமாகியிருந்தது. காத்தானோடு அவளுக்கு இருந்த தொடுப்பை நானா நிரூபித்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் முறைப்படி நடந்த மாதிரி இருக்கும்.

"கொம்பு?" என்றார் நானா.

அதில் கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்துப் பழைய கொம்பு வெடித்துப்போய்விட்டது. பெரிய துரை மனமிரங்கித் தன்னுடைய வேட்டைக் கொம்பையே, வெள்ளிப் பூண் போட்டதை, பெரட்டுக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எந்தத் தோட்டத்தில் இப்படி ஒரு துரை உண்டு? வாயில் புண் வந்ததிலிருந்து இராசையா அதைத் தொடக் கூடாது. இத்தனை நாளும் தப்படித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். நாளை முதல் அந்த மரியாதையைக் கங்காணியே ஏற்றுக்கொள்ளப்போகிறார்.

நானா காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்.

லயத்தில் இராசையா காம்பரா வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கி, நடுவில் காசு அளவுக்கு ஈரம் காயாத புண். வலி இல்லையாம். பேச்சுத்தான் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. வீரய்யா அதை எடுத்து நானாவுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளருக்கே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டேன், இனிக் கோர்ட்டில்தான் வேலை என்றான். பெண்டாட்டி மேல் உனக்குச் சந்தேகமா என்று நானா கேட்டார். இராசையா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே அழுதான்.

ரெங்கம்மா அழவில்லை. வாசல் வெளிச்சத்தில் வந்து நின்று வாயைத் திறந்து காட்டினாள். உதட்டிலும் நாக்கிலும் ஒரு கீறல்கூட இல்லை. மருந்துக்காரர் இதைப் பார்க்கவில்லையா என்றார் நானா. மருந்துக்காரர் அவளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. புருஷன் உதட்டில் புண் இருந்தால் பெண்டாட்டி எப்படி என்று அவருக்குத் தெரியாதா?

"என்னைய எங்க வேணுன்னாலும் அனுப்பட்டும் அய்யா," என்றாள் ரெங்கம்மா. "புள்ளைய வாங்கிப்புடாம மட்டும் பாத்துக்குங்க. அஞ்சு மாசந்தான் ஆவுது. என் பாலு இல்லாட்டி செத்துப்போயிரும்."

வீரய்யா குழந்தையைக் குனிந்து பார்த்தான். இதே மாதிரி ஒரு லயத்தில் இதே மாதிரி ஒரு வாசலில் அவனும் வளர்ந்தவன். கங்காணியின் காப்பியைக் குடித்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

காத்தான் பங்களாவுக்குக் கீழே நாய்ப்பட்டியில் இருந்தான். ரெங்கம்மா தனக்கு அக்கா மாதிரி என்று எல்லா நாய்களின் மேலும் சத்தியம் செய்தான். நானா அவன் உதட்டைத்தான் கவனித்தார். இராசையாவுக்கு எங்கேயோ அங்கேயே, மயிரிழை பிசகாமல். புண் முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டார். தனக்குத்தான் என்றான் காத்தான். மாசி மாதம். ரெங்கம்மா அப்போது பிரசவம் முடிந்து இன்னும் அப்புத்தளையில் தாய் வீட்டில்தான் இருந்தாள்.

திரும்பி வரும் வழியில் நானா, "புண் உதட்டில வாறதெண்டா என்னத்தால வரும்? செல்லு பாப்பம்," என்றார்.

"வாயோட வாய் வச்சாத்தான் நானா. ஆனா நம்ம ஜனங்கள்ள யாரு அப்படிக் கொஞ்சுறது? பத்தடிக் காம்பராவுல ஆத்தா அப்பன், தம்பி தங்கச்சி, ஆட்டுக்குட்டி எல்லாம் படுத்திருக்கும். அந்தக் கொஞ்சலெல்லாம் தொரைமாருக்குத்தான். அவங்களுக்குத்தான் பெரிய வீடு, கதவுக்குத் தாப்பா."

நானா நின்று அவனைத் திரும்பிப் பார்த்தார். சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் நானா சிரிக்கவில்லை, அது நல்ல அறிகுறி என்று வீரய்யாவுக்குத் தெரியும்.

பெரட்டுக் களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் தூணில் துரையின் கொம்பு தொங்கியது. வளைந்த கறுப்புக் கொம்பு, ஊதுகிற வாயில் வெள்ளிப் பூண். சின்ன வயதில் இந்தச் சத்தத்துக்குப் பயந்து எழுந்த காலைகளையெல்லாம் நினைத்து, ஒரு தரமாவது தானே ஊதிப் பார்த்துவிட வேண்டும் என்று வீரய்யாவுக்கு ஆசை வந்தது. கழற்றி வாயருகே கொண்டுபோனான். நானாவின் குடை வந்து அவன் மணிக்கட்டில் விழுந்தது. கொம்பு புல்லில் உருண்டது.

"வாயில பட்டுச்சா?"

"இல்லீங்க. கையிலதான் பட்டுச்சு, உங்க குடை."

நானா கைக்குட்டையால் கொம்பை எடுத்து வெள்ளிப் பூணைக் காட்டினார். அதை வாயில் வைத்து ஊதினால் கீழுதட்டில் எந்த இடத்தில் அழுந்தும்? வீரய்யா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். இராசையாவுக்கும் காத்தானுக்கும் புண் இருந்த அதே இடம்.

கோர்ட்டில் இருந்த காலத்தில் ஒரு பாலூட்டித் தாயின் வழக்கை நானா மொழிபெயர்த்திருக்கிறார். பிறர் பிள்ளைக்குப் பால் கொடுத்து மார்பில் மேகப்புண் வந்த பெண் அவள். ஒழுக்கம் கெட்டவள் என்று எல்லாரும் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த டாக்டர் கூண்டில் ஏறி, நோய் பிள்ளையின் வாயிலிருந்துதான் வந்தது என்றார். ஈரமான புண் ஒன்று, அது பட்ட இடத்தில் மெல்லிய தோல் ஒன்று, இவ்வளவும் இருந்தால் போதும், கட்டிலே தேவையில்லை என்று அவர் சொன்னதை நானா அன்றைக்கு ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தார். குடித்த கோப்பை ஈரம் காயுமுன் கை மாறினாலும் வரும், ஊதுகிற குழல் வாய் மாறினாலும் வரும்.

"அப்ப வழக்கு முடிஞ்சுது," என்றான் வீரய்யா. "வேட்டையில காத்தான் கொம்பு ஊதி நாய்களக் கூப்பிட்டான். கையோட கொண்டாந்து குடுத்தான், சரியா இருக்கான்னு இராசையா ஊதிப் பாத்தான். ரெங்கம்மா தப்பிச்சா."

"காத்தானுக்கு அந்தப் புண்ண யாரு குடுத்த?"

வீரய்யா காத்தானை நினைத்துப் பார்த்தான். பசறைச் சந்தைக்கு அடிக்கடி போகிறவன், கல்யாணமும் ஆகவில்லை. ரெங்கம்மாவுக்குப் பதில் காத்தானை விரட்டுவார்கள், நாய்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும் என்றான். நானா கொம்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அவனிடம் நீட்டினார். உள்ளே பழைய பிராந்தி வாடை.

"கொம்புக்குக் குடிப்பழக்கம் இருக்குங்க," என்றான் வீரய்யா. ஆனால் தோட்டத்தில் பிராந்தி இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். இருவரும் பங்களாவின் பின்பக்கம் நடந்தார்கள்.

குசினியில் அப்பு செபமாலை கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். துரையின் சமையல்காரர், துரையைவிடத் துரைத்தனமானவர். கொம்பைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. சுத்தம் என்றால் என்னவென்று இந்த மலையில் தெரிந்தது தன் துரைக்கு ஒருவருக்குத்தான் என்றார். ஒவ்வொரு வேட்டைக்கும் முன்னால் பெரட்டுக் களத்திலிருந்து கொம்பு பங்களாவுக்கு வரும். அதில் கூலி ஆட்கள் வாய் வைத்திருப்பார்கள் அல்லவா? வெள்ளிப் பூணிலும் உள்ளேயும் பிராந்தி ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, கொதிதண்ணீரும் விட்டுத்தான் அப்பு துரையின் கையில் கொடுப்பார். நேற்று வேட்டைக்கும் அப்படித்தான் கொடுத்தாராம். கூலிகளிடமிருந்து என்ன நோய் வருமோ என்று துரைக்கு அவ்வளவு பயம்.

நானா மெதுவாகக் கேட்டார்: "தொரை ஊதின பொறகு?"

"பொறகு என்னா? தொரை ஊதுவாரு, காத்தான் கையில குடுப்பாரு. நாய் செதறிப் போச்சுன்னா அவனும் உடனே ஊதுவான். புண்ணு பெருத்தப்புறந்தான் ஊதுறதில்ல."

"நடுவில தொடைக்கிற இல்லயா?"

அப்பு இறகு பிடுங்குவதை நிறுத்திவிட்டு நானாவை ஏற இறங்கப் பார்த்தார். "தொரை வாய் வச்சத எதுக்குத் தொடைக்கணும்? காத்தான் ஒருவாட்டி சட்டையில தொடைக்கப் போனான், நாந்தான் அதட்டுனேன். தொரை என்னா நாயா? மரியாதை தெரியாத பயலுக."

அப்பு மறுபடி இறகு பிடுங்கத் தொடங்கினார். துரைக்கு உடம்பு சௌகரியம்தானா என்று நானா சும்மா கேட்பது போலக் கேட்டார். போன கார்த்திகையில் சீமையிலிருந்து திரும்பி வந்ததிலிருந்தே வாய் சரியில்லை என்றார் அப்பு. மழமழவென்று சிரைக்கிற மனிதர், இப்போது உதட்டை மூடி மீசை வளர்த்திருக்கிறார். சூடாக ஒன்றும் இறங்குவதில்லை, சூப்பைக்கூட ஆறவைத்துத்தான் தர வேண்டும். கொழும்பிலிருந்து சீல் வைத்த புட்டியில் மருந்து வருகிறது. எல்லாம் இந்த ஊர்க் கூலிகளால் வந்த கேடு என்று அப்பு பெருமூச்சு விட்டார்.

வெளியே தேயிலைச் சரிவுக்கு வந்ததும் வீரய்யாவுக்கு வாய் தாங்கவில்லை. அவன் சிரித்தான், பிறகு கோபம் வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. கூலியின் எச்சில் துரைக்குப் போகாதபடி கழுவிக் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். துரையின் நோயை மட்டும் ஒரு துளி சிந்தாமல், மரியாதையாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. துரைக்கு மேகப்புண் என்று சொன்னால் கங்காணி காதைப் பொத்திக்கொள்வார், மருந்துக்காரர் மறுப்பார், ரெங்கம்மாவோடு இராசையாவும் காத்தானும் சேர்ந்து வெளியே போவார்கள்.

"நாங்க ஒண்டும் செல்லப் போற இல்ல," என்றார் நானா. "கங்காணியே செல்லட்டும்."

சாயங்காலம் வாசல் நிறைந்துவிட்டது. ரெங்கம்மா ஒரு பக்கம் தனியாக நின்றாள். எதிர்ப்பக்கம் காத்தான் நிற்க, இராசையா குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். தீர்ப்பு வருமுன்னே பிள்ளையை அங்கே மாற்றியிருந்தார்கள். கங்காணி தொண்டையைச் செருமிவிட்டுத் துப்பறியும் முதலாளி உண்மையைச் சொல்வார் என்றார்.

நானா கைக்குட்டையில் பிடித்திருந்த கொம்பைக் கங்காணியின் முன்னால் நீட்டினார்.

"மேகப்புண் பொம்பளயால மட்டுந்தான் வரும். அதுதானே உங்கட தீர்ப்பு?"

"ஆமாங்க மொதலாளி."

"அப்பிடியெண்டா இந்தக் கொம்பால ஒரு நோயும் வருத்தமும் வராது. நாளைக்கு ஊதப் போறதும் நீங்கதானே. எல்லாரும் கேக்கட்டும், இப்ப ஒருக்கா ஊதுங்க."

கங்காணி சந்தோஷமாகத்தான் வாங்கினார். வாயருகே போனதும், இராசையாவின் வீங்கிய உதடு கண்ணில் பட்டுவிட்டது. கை தானாகத் தோள் துண்டின் நுனியைத் தேடியது.

"இராசையா இதத் தொட்டுப் பல நாளாச்சு," என்றார் நானா, எல்லாருக்கும் கேட்கும்படி. "காத்தானும் இப்ப ஊதுற இல்ல. நேத்து வேட்டைக்குக் கழுவிக் குடுத்தது. பொறகு இதுல வாய் வச்சது ஒராள்தான். தொரை. தொரை வாய் வச்சதத்தான் ஊருக்கு முன்னால தொடைக்கப் பாக்குறீங்களா, கங்காணியார்?"

துண்டு நுனி பாதி வழியில் நின்றது. துடைத்தால் பொழுது சாயுமுன் அந்தச் செய்தி பங்களாவுக்கு ஏறிவிடும். துடைக்காமல் ஊதினால் என்ன ஆகும் என்பதற்கு எதிரிலேயே இரண்டு உதடுகள் இருந்தன. அங்கமுத்து கங்காணி தன் ஆயுளில் இவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் நின்றதில்லை. கூட்டத்தில் முதலில் விளங்கியது கொழுந்து எடுக்கிற பெண்களுக்குத்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு ஆண்களுக்கும் விளங்கியது. ஒருவர்கூடத் துரை என்ற சொல்லைச் சொல்லவில்லை.

ஆனால் சும்மா ஒருவர் பெரிய கங்காணி ஆகிவிட முடியாது. அவர் கொம்பை மெல்ல இறக்கினார். தனக்கு நெஞ்சுச் சளி இருப்பதால் ஊதக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம், அது இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். மேலும், இந்த வருஷம் பனி அதிகம். பனியில் ஆட்களுக்கு உதடு வெடித்துப் புண்ணாவது வழக்கம். இதுவும் அதுதான், மேகம் கீகம் ஒன்றுமில்லை. மருந்துக்காரர் முந்திக்கொண்டு தலையாட்டினார். ரெங்கம்மா மேல் குற்றம் இல்லை, பிள்ளையும் அவளோடு இருக்கட்டும் என்றும் கங்காணி சொன்னார்.

ஊர் மொத்தமும் பனியை ஒப்புக்கொண்டது. வீரய்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நாள் முழுக்க அலைந்து பிடித்த உண்மையை இப்படிப் பனியில் போட்டு மூடிவிட்டார்களே என்று நானாவின் காதில் முணுமுணுத்தான். கோர்ட்டில் இதைவிட மோசமான தீர்ப்புகளை மொழிபெயர்த்திருக்கிறேன், அவள் தப்பியது போதும் என்றார் நானா. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் திருப்திதான்.

ரெங்கம்மா அவர்களிடம் வந்தாள். கும்பிடுவாள் என்று வீரய்யா எதிர்பார்த்தான். அவள் கும்பிடவில்லை. பனிக் கதையை அவள் காதில் போட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

"அய்யா, கொம்புல வாய் வச்சா வரும்னா, புள்ள மேல வாய் வச்சா வராதா?"

நானாவின் முகத்திலிருந்த திருப்தி போய்விட்டது. காலையிலிருந்து யார் கெட்டவள், யாரிடமிருந்து யாருக்கு என்று எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருக்கிறார்கள். அவரும் பேசியிருக்கிறார். குழந்தை மட்டும் அந்தப் புண்ணுக்குக் கீழேயே, மடியில் கிடந்திருக்கிறது.

"வரும்," என்றார் நானா. "அது மட்டுமில்ல, உனக்கும் வரும். ரெண்டு பேரும் புள்ளையையும் தூக்கிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கூட நிக்கிறேன்."

அதற்குள் அவள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். வாசலின் மறுபக்கத்தில் இராசையா, மானம் திரும்பிவிட்ட சந்தோஷத்தில் கண்ணீரோடு குழந்தையைத் தூக்கி முகத்தோடு அணைக்கப்போனான். ரெங்கம்மா அவன் உதட்டுக்கும் பிள்ளையின் கன்னத்துக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.